அப்பாயியின் பையில் இருந்த உரோமச் செப்புக் காசு: இது எந்தக் கொன்ஸ்தாந்தியஸ்?

ஊவா ஆசிரியை (பண்டாரவளை)

அன்பர்களுக்கு வணக்கம். என் அப்பாயியின் சுருக்குப் பையில், பிரித்தானியர் காலத்து அரைச் சதங்களோடு கலந்து கிடந்த கரும்பச்சை நிறச் செப்புக் காசு ஒன்றைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். நகைக்கடைத் தராசில் நிறுத்தபோது அதன் எடை 2.3 கிராம்; குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். ஒரு பக்கத்தில் வலப்புறம் நோக்கிய இளைஞன் ஒருவனின் தலை தெரிகிறது. தலையைச் சுற்றி முத்து வரிசை போன்ற பட்டி கட்டப்பட்டிருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் "டி என் கொன்ஸ்தான்" என்று படிக்க முடிகிறது. அதற்கு அடுத்த எழுத்துகள் தேய்ந்துவிட்டன. முடிவில் "பி எஃப் ஆக்" என்பது தெளிவு. மறுபக்கத்தில், கேடயம் ஏந்திய வீரன் ஒருவன், குதிரையோடு சரிந்து விழும் இன்னொருவனை ஈட்டியால் குத்துகிறான். விழுபவன் பின்புறமாகத் திரும்பி ஒரு கையை உயர்த்துகிறான். அதைச் சுற்றி "ஃபெல் டெம்ப் ரெபராத்தியோ" என்பது ஏறக்குறைய முழுமையாகவே உள்ளது. அடியில் "ஏ எல் இ" என்ற மூன்று எழுத்துகளும், அவற்றை அடுத்து அழிந்துபோன ஓர் எழுத்தும் உள்ளன.

இது கொன்ஸ்தாந்தைன் பேரரசரின் மகன் இரண்டாம் கொன்ஸ்தாந்தியஸின் காசு என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது சரிதானா, அவர் யாரை வென்றதற்காக இந்தப் படத்தைப் பொறித்தார், அவருடைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பவற்றை அறிய ஆவல். அப்பாயியின் முன்னோர் மதுரைக்குக் கிழக்கே மேலூர்ப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். ஆகவே இந்தக் காசு அவர்களுடன் கடல் கடந்து வந்ததா, இலங்கை மண்ணிலேயே கிடைத்ததா என்ற ஐயமும் எனக்குண்டு. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எண்ணுவதால், உறுதியான தகவல்களையே எதிர்பார்க்கிறேன்.

காசு சேகரிப்பவர் (கண்டி)

சகோதரி, தாங்கள் எடையையும் குறுக்களவையும் எழுதியது பெரிய உதவி. பலரும் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு விலை கேட்பார்கள்.

"கொன்ஸ்தான்" என்று தொடங்கும் பெயருக்கு, இந்த வகைக் காசில் மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். முதலாமவர் இரண்டாம் கொன்ஸ்தாந்தியஸ். அடுத்தவர் அவருடைய தம்பி கொன்ஸ்தான்ஸ். மூன்றாமவர் அவர்களின் சிற்றப்பன் மகன் கல்லஸ். இந்தக் கல்லஸை 351 இல் சீசராக, அதாவது இளைய துணை ஆட்சியாளராக உயர்த்தியபோது, அவருக்கும் கொன்ஸ்தாந்தியஸ் என்ற பெயரையே சூட்டினார்கள். எனவே பெயரைப் படித்துவிட்டேன் என்பதனால் மட்டும் ஆளைக் கண்டுபிடித்ததாகாது. கல்லஸின் காசுகளில் தலை வெறுமையாக இருக்கும். "நோப் சீஸ்" என்று பட்டம் முடியும். தங்களுடையதில் முத்துப்பட்டியும் "பி எஃப் ஆக்" என்ற பட்டமும் இருப்பதால் அவரை விலக்கிவிடலாம். அந்தப் பட்டம் பக்தியும் நற்பேறும் உடைய ஆகஸ்டஸ் என்பதன் சுருக்கம். முழுப் பேரரசருக்கே அது உரியது.

கொன்ஸ்தான்ஸை விலக்குவதற்கு எடை கைகொடுக்கிறது. இந்த வாசகத்தோடு கூடிய காசுகள் 348 அளவில், செம்பில் சிறிதளவு வெள்ளி கலந்து, பெரிய அளவில் வெளிவந்தன. அலெக்சாந்திரியா போன்ற கிழக்கத்திய அக்கசாலைகளில், அதாவது காசு அடிக்கும் சாலைகளில் அடிக்கப்பட்ட குதிரைவீரன் காசு அப்போது நான்கு, ஐந்து கிராம் வரை இருந்தது. 350 இன் தொடக்கத்தில் கொன்ஸ்தான்ஸ் கொல்லப்பட்டார். அதற்குப் பின்னரே அதே படம் சிறிய காசுக்கு இறங்கி வந்து, இரண்டு, இரண்டரைக் கிராமாகச் சுருங்கியது. 2.3 கிராம் என்றால் அது 350 களின் காசு. ஆகவே இரண்டாம் கொன்ஸ்தாந்தியஸ்தான். அடியிலுள்ள "ஏ எல் இ" என்பது எகிப்தின் அலெக்சாந்திரிய அக்கசாலையின் குறி. அழிந்துபோன நான்காவது எழுத்து, அந்தச் சாலையின் எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டுவது.

இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பெரிய காசில் இருந்த சிறிதளவு வெள்ளியைக்கூட உருக்குபவர்கள் விட்டுவைக்கவில்லை. காசை உருக்கி, வெள்ளியைச் செம்பிலிருந்து பிரித்தெடுப்போருக்கு மரண தண்டனை என்று 349 இலேயே சட்டம் இயற்றவேண்டியிருந்தது. புதிய காசு வெளியாகி ஓராண்டு கடப்பதற்குள் இந்த நிலை! கொன்ஸ்தாந்தியஸின் கடைசி ஆண்டுகளில் குதிரைவீரனும் மறைந்து, "நாட்டின் நம்பிக்கை" என்ற பொருள்படும் வாசகத்துடன், பேரரசர் உருண்டையும் ஈட்டியும் பிடித்து நிற்கும் இன்னும் சிறிய காசு வந்தது. செப்புக்காசு இவ்வளவு ஆட்டம் கண்ட அதே காலத்தில், அவருடைய தந்தை நிறுவிய சொலிடஸ் என்னும் பொற்காசு மட்டும், ஓர் உரோம இறாத்தலுக்கு 72 என்ற கணக்கில், ஏறத்தாழ நாலரைக் கிராம் எடையில் அசையாமல் நின்றது. வரியையும் படைச்சம்பளத்தையும் பொன்னில் கணக்கிட்டவர்களுக்குச் செப்பின் இறக்கம் பெரிதாக வலித்திராது. சந்தையில் காய்கறி வாங்கியவர்களுக்குத்தான் அது வலித்திருக்கும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் (மாத்தளை)

டீச்சர், தாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டப்போவதால் அந்த மனிதரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் 317 ஆகஸ்ட் 7 ஆம் திகதி, இன்றைய சேர்பியாவிலுள்ள சிர்மியம் நகரில் பிறந்தார். 324 இல் ஏழு வயதுச் சிறுவனாகச் சீசர் பட்டம் பெற்றார். அன்றிலிருந்தே அவர் பெயரில் காசு அடிக்கப்பட்டது. கோட்டை வாசல் ஒன்றும் அதன் மேல் நட்சத்திரமும் பொறித்த அந்தச் சிறுவயதுக் காசுகளை, "சீசர்களின் முன்னறிவு" என்ற வாசகத்தோடு இன்றும் எளிதாகக் காணலாம். 326 இல் மூத்த அண்ணன் கிறிஸ்பஸும் தாய் ஃபவுஸ்தாவும் தந்தையின் கட்டளைப்படி கொல்லப்பட்டார்கள். ஒன்பது வயதில் அதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் தன் குடும்பத்தில் எவரையும் நம்பாதவராக ஆனதில் எனக்கு வியப்பில்லை.

337 மே 22 ஆம் திகதி தந்தை இறந்தார். அந்தக் கோடையில் கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த படைவீரர்கள், அரச குடும்பத்தின் கிளைவழி ஆண்களில் பெரும்பாலோரைக் கொன்றொழித்தார்கள். தப்பியவர்களில் கல்லஸும் அவருடைய தம்பி யூலியனும் முக்கியமானவர்கள். அவர்களின் தந்தை தப்பவில்லை. பழியை யூலியன் பிற்காலத்தில் நேராகக் கொன்ஸ்தாந்தியஸ் மீதே சுமத்தினார். செப்டெம்பர் மாதத்தில் மூன்று சகோதரரும் ஆகஸ்டஸ் ஆயினர். கிழக்குப் பகுதி கொன்ஸ்தாந்தியஸின் பங்காயிற்று. இறந்த தந்தை நாற்குதிரைத் தேரில் மேலே ஏற, வானத்திலிருந்து ஒரு கை அவரை வரவேற்க நீளும் காசு அப்போது அடிக்கப்பட்டது. பழைய முறைப்படி தெய்வமாகும் மன்னரையும், புதிய மதத்தின் இறைவன் கையையும் ஒரே சிறு செப்பில் காண்கிறோம்.

மூத்தவரான இரண்டாம் கொன்ஸ்தாந்தைன் 340 இல் தம்பி கொன்ஸ்தான்ஸோடு போர்தொடுத்து, அக்குவிலேயா அருகே மாண்டார். பத்தாண்டு கழித்து, மேற்கில் மக்னென்தியஸ் என்னும் படைத்தலைவன் கிளர்ச்சி செய்ய, கொன்ஸ்தான்ஸ் கொல்லப்பட்டார். அதே ஆண்டு தன்யூப் படைகள் வெத்ரானியோ என்னும் முதிய தளபதியை ஆகஸ்டஸ் ஆக்கின. அவரைக் கொன்ஸ்தாந்தியஸ் வாளெடுக்காமலே வென்றார். 350 டிசம்பர் 25 ஆம் திகதி, நைசஸ் நகரில் கூடிய படைகளின் முன் அவர் ஆற்றிய உரையைக் கேட்டு வீரர்கள் பக்கம் மாறிவிட, வெத்ரானியோ பட்டாடையைக் களைந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஒதுங்கினார்.

மக்னென்தியஸ் அப்படி ஒதுங்கவில்லை. 351 செப்டெம்பர் 28 ஆம் திகதி, இன்றைய குரோசியாவின் ஒசியெக் நகரமான முர்சாவின் அருகே இரு உரோமப் படைகளும் மோதின. இரு தரப்பிலுமாக 54,000 பேர் மாண்டார்கள் என்று பல நூற்றாண்டு கழித்து எழுதிய ஸோனராஸ் சொல்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அந்த நூற்றாண்டின் மிகக் கொடிய போர்களில் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தபோது பேரரசர் நகருக்கு வெளியே ஒரு கோயிலில் செபித்துக்கொண்டிருந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. 353 இல் மக்னென்தியஸ் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார்.

தங்கள் கையிலுள்ள காசு இந்த ஆண்டுகளைச் சேர்ந்தது. "மகிழ்ச்சியான காலம் மீண்டது" என்பதே அதன் வாசகம். படத்தில் விழுபவன் கிழக்கத்திய எதிரியைப் போன்ற தொப்பி அணிந்திருக்கிறான். ஆனால் பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூருக்கு எதிராகக் கொன்ஸ்தாந்தியஸ் பெற்ற பெரிய வெற்றி என்று சொல்ல எதுவுமில்லை. கிழக்கெல்லையிலிருந்த நிசிபிஸ் நகரை ஷாபூர் மூன்று முறை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. சிங்காராவில் நடந்த இரவுப் போரில் இரு தரப்பும் பேரிழப்பு அடைந்தன. 359 இல் அமிதா நகர் 73 நாள் முற்றுகைக்குப் பின் வீழ்ந்தே போனது. முர்சாவிலோ உரோமர் மாண்டது உரோமர் கையாலேயே. அதைக் காசில் பொறிக்க முடியாது. ஆகவே பெயரற்ற அயலான் ஒருவன் குதிரையோடு விழுகிறான். அரசாங்கத்தின் காசு பேசும்போது அது எதைப் பேசாமல் விடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். கல்லஸை 354 இல் போலா நகரில் கொல்வித்தார். வேறு ஆளின்றி 355 நவம்பரில் யூலியனைச் சீசராக்கினார். 357 இல் முதன்முறையாக உரோம் நகருக்குச் சென்று, எகிப்தின் கர்னாக் கோயிலிலிருந்து வந்த மாபெரும் கற்றூணை அங்கே நிறுவச்செய்தார். லாத்தரன் சதுக்கத்தில் அது இன்றும் நிற்கிறது. 360 இல் பாரிஸில் படைகள் யூலியனை ஆகஸ்டஸ் என்று உயர்த்த, அவரை எதிர்க்கக் கிழக்கிலிருந்து புறப்பட்ட கொன்ஸ்தாந்தியஸ், வழியில் காய்ச்சல் கண்டு 361 நவம்பர் 3 ஆம் திகதி கிலிக்கியாவில் இறந்தார். வயது 44. ஏழு வயதில் காசில் ஏறிய முகம் அங்கிருந்து இறங்க 37 ஆண்டுகள் ஆயின.

பல்கலைக்கழக மாணவன் (ஹட்டன்)

ஐயாவின் பதிலுக்கு மிக்க நன்றி. எனினும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். இந்தப் படம் முர்சாப் போருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வடிவமைக்கப்பட்டது. 348 என்பது உரோம் நகரம் தோன்றிய 1,100 ஆவது ஆண்டையொட்டிய காலம். வாசகத்தை அந்தக் கொண்டாட்டத்தோடு பலர் தொடர்புபடுத்துகிறார்கள். அதே வாசகத்தோடு வேறு படங்களும் வந்தன. பேரரசர் கப்பலில் நிற்பது ஒன்று. பீனிக்ஸ் பறவை இன்னொன்று. மரத்தடிக் குடிசையிலிருந்து சிறுவன் போன்ற ஓர் அயலானைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவது மற்றொன்று. உள்நாட்டுப் போரை மறைக்கவே குதிரைவீரனைத் தேர்ந்தார்கள் என்று கொள்வதற்குக் காலக்கணக்கு இடம்தராது. ஏற்கெனவே இருந்த அச்சுப்படத்தை மாற்றாமல் தொடர்ந்தார்கள் என்பது வேண்டுமானால் பொருந்தும். மக்னென்தியஸின் காசிலும் குதிரைமேல் வரும் பேரரசர் கீழே கிடப்பவனைக் குத்துகிறார். இரு தரப்பும் ஒரே மொழியில்தான் பேசின.

கொன்ஸ்தாந்தியஸை அறிய நாம் பெரிதும் நம்பியிருப்பது அம்மியானஸ் மார்செல்லினஸ் எழுதிய வரலாற்றை. அதன் முற்பகுதி அழிந்துபோய், 353 முதலே கிடைக்கிறது. அதாவது அந்த மனிதரின் ஆட்சி முதுமையடைந்து, சந்தேகம் முற்றிய பகுதி மட்டுமே நம்மிடம் உள்ளது. அம்மியானஸ் யூலியனைப் போற்றியவர் என்பதையும் மறக்கலாகாது. உரோம் நகருக்குள் தேரில் நுழைந்தபோது கொன்ஸ்தாந்தியஸ் கழுத்தைத் திருப்பாமல், துப்பாமல், மூக்கைத் துடைக்காமல் சிலைபோல் இருந்தார் என்றும், குள்ளமானவராயிருந்தும் உயர்ந்த வாசல்களில் குனிந்து சென்றார் என்றும் அவர் எழுதுவது பாராட்டா பரிகாசமா என்று இன்றும் பிரித்தறிய முடியவில்லை. நிசிபிஸைக் காத்ததும் இருபது ஆண்டுக்கு மேல் கிழக்கெல்லையை நிலைநிறுத்தியதும் சிறிய செயல்கள் அல்ல. அவருக்குப் பின் பெரும்படையோடு பாரசீகத்துக்குள் நுழைந்த யூலியன் 363 இல் அங்கேயே மாண்டார். அதன் விலையாக நிசிபிஸ் பாரசீகர் கைக்குப் போயிற்று.

இனி, டீச்சரின் மூன்றாவது ஐயத்துக்கு வருகிறேன். இலங்கையில் உரோமச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அநுராதபுரம், மாந்தை, சிகிரியா, தெற்குக் கரையோரம் எனப் பல இடங்களில் அவை கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியையும் ஐந்தாம் நூற்றாண்டின் முற்பாதியையும் சேர்ந்தவை. ஆனால் மதுரையில் வைகை ஆற்று மணலிலும், கரூரில் அமராவதி ஆற்றிலும் இதே காலத்துச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. எனவே மேலூர் வழியும் இலங்கை வழியும் இரண்டுமே இயலக்கூடியவை. காசைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

அலெக்சாந்திரியக் குறி இருப்பதால் எகிப்திலிருந்து நேரே கப்பலேறி வந்தது என்று முடிவுசெய்வதும் தவறாகிவிடும். கிழக்கு அக்கசாலைகளின் காசுகள் எல்லாம் கலந்தே புழங்கின. இங்கே கிடைத்த புதையல்களில் கொன்ஸ்தாந்தைன் குடும்பக் காசுகள், பின்னாளில் ஆண்ட பேரரசர் தெயோதோசியஸ் காலத்துக் காசுகளோடு தேய்ந்து கலந்து காணப்படுகின்றன. ஆகவே 350 களில் அடிக்கப்பட்ட காசு, அரை நூற்றாண்டோ அதற்கு மேலோ புழங்கிய பின் சரக்கோடு சரக்காக இந்தக் கடலுக்கு வந்திருக்கலாம்.

கொன்ஸ்தாந்தியஸுக்கும் நம் கடலுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. தெயோபிலஸ் என்னும் "இந்தியரை" அவர் யேமன் நாட்டு ஹிம்யார் அரசரிடம் தூது அனுப்பினார். பரிசாக 200 கப்பதோக்கியக் குதிரைகளும் சென்றன. தெயோபிலஸ் இந்துமாக்கடலின் ஒரு தீவைச் சேர்ந்தவர். அது மாலைதீவா, சொக்கோத்திராவா, இலங்கையா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இன்னும் உறுதியாகச் சொல்லக்கூடியது, கொன்ஸ்தாந்தியஸ் இறந்து ஓராண்டுக்குள் 362 இல் "செரெந்திவி" மக்களின் தூதர்கள் பரிசுகளோடு யூலியனிடம் வந்ததாக அம்மியானஸ் குறிப்பிடுவது. அது இலங்கையரே என்பது பொதுவான கருத்து. அத்தூதர் புறப்பட்டபோது அரியணையில் இருந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஊவா ஆசிரியை (பண்டாரவளை)

மூவருக்கும் நன்றி. ஐயாவின் கருத்தையும் ஹட்டன் தம்பியின் மறுப்பையும் இரண்டையுமே பிள்ளைகளிடம் சொல்லி, அவர்களையே வாதிட வைக்கப்போகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. இது இலங்கையிலேயே வார்க்கப்பட்ட போலியாக இருக்கக்கூடுமா? காசைப் புளி போட்டுத் துலக்கினால் தேய்ந்த எழுத்துகள் தெரியுமா?

காசு சேகரிப்பவர் (கண்டி)

சகோதரி, தயவுசெய்து புளியை அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். அந்தக் கரும்பச்சைப் படலமே இத்தனை நூற்றாண்டுகள் செம்பைக் காத்தது. அமிலம் பட்டால் அதோடு எழுத்துகளின் விளிம்பும் கரைந்துபோகும்; பிறகு இருக்கும் "ஏ எல் இ" கூட மிஞ்சாது. எலுமிச்சை, பற்பசை, பித்தளைப் பொலிஷ் எல்லாவற்றுக்கும் இதுவே விடை. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் நீக்கி, ஈரம் புகாத தாள் உறையில் வையுங்கள். பண்டாரவளை மழையில் இரும்புப் பெட்டி வேண்டாம். தேய்ந்த எழுத்தைப் பார்ப்பதற்கு, இருட்டறையில் காசின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக டோர்ச் வெளிச்சம் அடித்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். மேடுபள்ளம் நிழலாகத் தெரியும்.

போலி பற்றிய கேள்வி நியாயமானது. உரோமச் செப்புக் காசைப் பார்த்து இலங்கையிலேயே செய்யப்பட்ட காசுகள் உண்மையாகவே உள்ளன; மாத்தறைக்கு அருகிலுள்ள நாயிமன என்ற இடத்தின் பெயரால் அறியப்படுபவை அவற்றுள் பேர்போனவை. அவற்றை ஏமாற்றுவதற்காகச் செய்ததாக நான் கருதவில்லை; சில்லறைத் தட்டுப்பாட்டுக்கே செய்திருப்பார்கள். ஆனால் அவை பெரும்பாலும் மிகச் சிறியவை; எழுத்துக்குப் பதில் பொருளற்ற கோடுகளும் புள்ளிகளுமே காணப்படும். "ரெபராத்தியோ" வரை வரிசை பிறழாமல் படிக்க முடிகிறது என்று தாங்கள் எழுதியிருப்பதால், தங்கள் காசு உரோம அக்கசாலையினது என்றே கொள்ளலாம். விளிம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் வார்த்த கோடு சுற்றிலும் ஓடினால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

ஒரு சட்ட விடயத்தையும் சொல்லவேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாளுக்கு முந்திய பொருட்களையே தொல்பொருள் என்று கொள்கிறது. அனுமதியின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பரம்பரையாக வந்த ஒற்றைக் காசு என்றாலும், தொல்பொருளியல் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் காட்டி, எடை, படம், பையில் கூட இருந்த காசுகளின் விபரம் ஆகியவற்றைப் பதிந்துவைப்பது நல்லது. அந்த அரைச் சதங்களின் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பை எப்போது கட்டப்பட்டது என்பதற்கு அவைதான் சான்று. அவற்றிடையே இந்தியக் காலணாவோ தம்பிடியோ ஒன்றாவது இருந்தால், மேலூர் வழிக்கு இப்போது இருப்பதைவிடச் சற்று வலுவான ஆதாரம் கிடைக்கும்.